லாக்கரில் பூட்டிய ஓட்டு

சிட்லபாக்கம் ஷ்யாம்சுந்தருக்கு மனைவி ஜெயஸ்ரீ மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியம்தான் அன்றைக்கு அவளை ஓட்டுப் போட விடாமல் செய்தது.

போன மழைக்காலத்து வெள்ளத்தில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டுக் காகிதங்களெல்லாம் கூழாகிவிட்டன. பயந்துபோன மனிதர் தப்பித்ததையெல்லாம் பொறுக்கி, ஜெயஸ்ரீயின் வாக்காளர் அட்டை, ஆதார், பான், பாஸ்புக் என்று ஒன்று விடாமல் நகையோடு சேர்த்து பேங்க் லாக்கரில் பூட்டினார். தன்னுடையவற்றை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டார். வெளியே போய் வருகிறவர் அவர்தானே! அவளுக்கு ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் போட்டுக் கொடுத்ததில் பெருமை வேறு.

வாக்குச்சாவடி அலுவலர் அந்த ஜெராக்ஸைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரிஜினல் வேணும்மா. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு, எடுத்துட்டு வாங்க."

ஷ்யாம்சுந்தர் அதற்குள் ஓட்டுப் போட்டு, விரலில் மையோடு வெளியே நின்றிருந்தார். ஜெயஸ்ரீ அந்த மையைப் பார்த்தாள். போன தேர்தலில் மகள் பிரசவத்துக்குப் பெங்களூர் போனதில் அவள் ஓட்டு போயிற்று. இந்த முறை ஒரு மாதமாக அவரோடு வாதாடி, அவர் கட்சிக்குப் போடுவதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

"நீ வீட்டுக்குப் போ. நான் பேங்குக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஆட்டோ பிடித்துப் பெருங்களத்தூருக்கு ஓடினார். பேங்க் ஷட்டர் மூடியிருந்தது.

"எலெக்‌ஷன் லீவு சார்" என்றான் வாட்ச்மேன். "உங்க கைலதான் மை கீதே, இன்னா அவசரம்?"

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க வேலையில் ஒவ்வொரு லீவையும் விரல் விட்டு எண்ணியவருக்கு இது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உன் ஓட்டை நானே பூட்டி வச்சுட்டேன் ஜெயா."

ஜெயஸ்ரீ கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை. சமையலறைக்குப் போனவள் மேல்தட்டு ரவை டப்பாவுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து வந்தாள்.

"திட்டக் கூடாது."

டிரைவிங் லைசென்ஸ். ஒரிஜினல். அவள் படத்தோடு. ஓட்டுப் போட அதுவும் செல்லும்.

"இது எப்போ?"

"நாலு வருஷமாச்சு. ஒரே ஒரு தடவை விழுந்தேன்னு வண்டியைத் தொடவே விடலையே நீங்க! மத்தியானம் நீங்க தூங்குறப்ப எதிர் வீட்டு ஜான்சி வண்டியில கத்துக்கிட்டேன்."

அவருடைய சுகர் மாத்திரை தீர்ந்தால் பத்தே நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும். மருந்துக்கடைப் பையன் கொண்டுவந்து தருகிறான் என்று அவர் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

ஜான்சியிடம் சாவியும் இரண்டு ஹெல்மெட்டும் வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். மெதுவாப் போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததை அவர் விழுங்கிக்கொண்டு பின்னால் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஐந்தேகாலுக்கு அவள் மை விரலைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் கட்சிக்கு எதிராக ஒரு ஓட்டு விழுந்தது. அவருக்கு அழுகை வரும்போல் அவ்வளவு சந்தோஷம்.

"நாளைக்கு பேங்க் திறந்ததும் உன் பேப்பரெல்லாம் எடுத்துக் கொடுத்துடறேன் ஜெயா."

"நானே எடுத்துக்கறேன்" என்று அவள் வண்டியைக் கிளப்பினாள். "நீங்க வேணும்னா பின்னாடி உட்கார்ந்து வாங்க."