மூன்றாவது வளையத்தின் வெள்ளை நூல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. "கதைக்கு வேணும், கொஞ்சம் மிச்ச நூலும் ஒடைஞ்ச தூண்டில் ரோட் துண்டும் குடு" என்று கிளாரிசாவிடம் கேட்டேன். கொடுத்தாள். அப்போது என்னிடம் கதை எதுவும் இல்லை. வாங்கிய பிறகு எழுதாமல் இருந்தால் "கதை எங்கக்கா?" என்று கேட்பாள். ஆகவே எழுதுகிறேன்.

எழுதி முடிக்கச் சனிக்கிழமை மூன்று மணிவரை நேரம் இருக்கிறது. அப்போது கிளாரிசா தன் கணவன் நைஜலின் துணிமணிகளை இரண்டு பெட்டிகளில் கட்டிக்கொண்டு வருவாள். அவற்றை ரவாங்கில் இருக்கும் அவன் அம்மா வீட்டில் இறக்கிவிட வேண்டும். அவர்களுடைய காரை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் என் காரைக் கேட்டிருக்கிறாள். இன்று வியாழன்.

2

முதல் தொடக்கம்:

"பிரிக்பீல்ட்ஸில் அந்த வாரம் முழுக்க மழை. சுவரெல்லாம் ஈரம் பூத்து—"

வேண்டாம். மழையில் தொடங்கினால் மழைமேல் பழியைப் போடப்போகிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது தொடக்கம்:

"கிளாரிசா பேங்க் வேலையை விட்ட நாளிலிருந்தே நைஜலுக்கு அந்தத் தூண்டில் கோல்களைக் கண்டால்—"

இதுவும் வேண்டாம். [நன்றாகத்தான் ஓடியது. நன்றாக ஓடியதுதான் பயமாக இருந்தது.]

தலை வலிக்கிறது. தைலப் பாட்டிலைக் கையில் எடுத்தேன். திறக்காமல் திரும்ப வைத்துவிட்டேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். கிளாரிசா எங்கள் பிளாட்டில் எனக்கு எதிர்வீடு. மீன்பிடிக்கிறவர்களுக்குத் தூண்டில் கோல் கட்டித் தருவது அவள் தொழில். கறுப்பு கார்பன் கோலில் தூண்டில் நரம்பு ஓடுவதற்கான வளையங்களை வைத்து, அவற்றின் கால்களை நைலான் நூலால் இடைவெளியே இல்லாமல் சுற்றிக் கட்டுவாள். நூலின்மேல் பால்போல் ஒரு திரவம் பூசுவாள். அதற்குப் பெயர் ப்ரிசர்வர். அது காய்ந்த பிறகு, கண்ணாடிபோல் இறுகும் எபோக்ஸி பசை. ப்ரிசர்வர் ஊறாத இடம் ஏதாவது இருந்தால் எபோக்ஸி நூலுக்குள் இறங்கிவிடும். வெள்ளை நூல் நிறம் செத்து, அடியில் இருக்கும் கறுப்பு தெரியும். ஒரே சுற்றில் இங்கே வெளுப்பு, அங்கே கறுப்பு என்று திட்டுத் திட்டாக நிற்கும். துடைத்தால் போகாது. அறுத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: "கறுப்பு நூலு போடு, எந்தத் திட்டும் தெரியாது" என்று ஆரம்பத்திலேயே சொன்னவன் நைஜல். கோல்களைக் கேட்டிருந்த சபாபதிதான், கிளாங்கில் தூண்டில் கடை வைத்திருப்பவர், வெள்ளை வேண்டும் என்றார். நைஜல் உருப்படியான யோசனையும் சொல்வான் என்பது எங்காவது பதிவாகட்டும்.)

3

மூன்று கோல். சரியாக வந்தால் மாதாமாதம் ஆர்டர் என்று சபாபதி சொல்லியிருந்தார். சில வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை கிளாரிசா நூலைச் சுற்றி முடித்தாள். புதன் மாலை ப்ரிசர்வர் பூசினாள். வியாழன் எபோக்ஸி. வெள்ளிக்கிழமை காலை என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, வந்து பாருங்களேன்."

இரண்டு கோல் பளிச்சென்று இருந்தன. மூன்றாவது கோலில், மூன்றாவது வளையத்தின் இரண்டு பக்கமும் திட்டு. பிறகு அதை எடுத்துக்கொண்டு என் காரிலேயே கிளாங்குக்குப் போனோம்.

சபாபதி கோலை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து மெதுவாக உருட்டினார்.

"மழையினால இருக்குமா அங்கிள்?" என்றாள் கிளாரிசா.

"மழைன்னா மூணுக்கும் வரணும்லா. ஒரே பாட்டில்தானே? ஒரே நூலுதானே?"

"எல்லாம் ஒண்ணுதான். ஒரே கப்புலதான் எபோக்ஸியும் கலக்குனேன்."

"அப்ப கை பட்டிருக்கு மா. ப்ரிசர்வர் போடறதுக்கு முன்ன யாரோ எண்ணெய்க் கையோட புடிச்சிருக்காங்க. எண்ணெய் இருக்கற எடத்துல அது ஊறாது."

கிளாரிசா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நைஜல் செராஸில் ஒரு பட்டறையில் கார் மெக்கானிக். புதன்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தான்.

"நைஜல்தான்லா அக்கா," என்றாள். "வேற யாரு?"

நான் தலையாட்டினேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் காரியம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். [பொய். அது இரண்டாவது.]

4

நைஜல் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவனைக் குற்றவாளியாக வைத்து ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன்:

"புதன் மதியம். சோற்றுக்கு உட்காரும் முன் நைஜல் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தான். மனைவி அடுப்படியில் இருந்தாள். அவன் கை மெல்ல நீண்டு—"

நீளவில்லை. மூன்று தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அவன் நேரே பாத்ரூமுக்குப் போய், துணி சோப்பு போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறான். நிஜத்திலும் அப்படித்தான் செய்வான். சோப்புக்கே அவன் சம்பளத்தில் பாதி போகும் என்று நானே கேலி செய்திருக்கிறேன். எழுதுகிறவள் நினைத்தால் எதுவும் நடக்கும் என்று யார் சொன்னது?

நடந்ததை எழுதுவது சுலபம், கேட்டதை எழுதினால் போதும். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

"இது சரியா வராட்டி நல்லதுன்னு நீ சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். தொடல."

"பின்ன பேயா வந்து தொட்டுச்சி?"

"நான் தொடலன்னா தொடல, கிளாரிசா. நாலு வருஷம் கூட இருந்துட்டு இத நம்பலன்னா நான் என்ன செய்ய?"

பையோடு வெளியே வந்தவன் என் வாசலில் நின்றான். "அக்கா, அவளக் கொஞ்சம் பாத்துக்குங்க," என்றான். நான் சரி என்றேன்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. கிளாரிசா நூலை அறுத்துவிட்டு மறுபடி கட்டினாள். சபாபதி மூன்றையும் வாங்கிக்கொண்டு இன்னும் ஆறு கேட்டிருக்கிறார். கோல் சரியாகிவிட்டது. நைஜல் ரவாங்கில் இருக்கிறான்.

5

முடிவுகள், கைவசம் இருப்பவை:

நைஜல் "ஆமா, நான்தான்" என்று ஒத்துக்கொள்கிறான். அவள் மன்னிக்கிறாள். கண்ணீர். ஞாயிறு மலருக்குக் கச்சிதமாக இருக்கும்.

அல்லது, தொட்டது யார் என்று கடைசிவரை தெரிவதே இல்லை. வாழ்க்கை அப்படித்தான் என்று ஒரு வரியைப் போட்டு முடித்துவிடலாம். இதற்கு ஒரு விருதுகூடக் கிடைக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததற்கு விருது.

அல்லது, அந்தப் புதன்கிழமை மூன்றாவதாக ஒருத்தி அந்த அறைக்குள்

6

நான் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். ஊரார் செய்யும் சத்தியப் பிரமாணங்களைப் பத்தொன்பது வருஷமாக அடித்துக் கொடுக்கிறேன். அந்த நடையில்தான் இது வரும்போலிருக்கிறது.

குமுதா ஆகிய நான், வயது நாற்பத்தேழு, அந்தப் புதன்கிழமை தலைவலிக்கு எம்.சி. லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். நெற்றியிலும் பிடரியிலும் மினியாக் அங்கின் தைலம் தேய்த்திருந்தேன். நைஜல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய பிறகு கிளாரிசா வீட்டுக்குப் போனேன். கீழே பார்சல் வந்திருக்கிறது என்று அவள் இறங்கினாள். "எதையும் தொட்டுராதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நூல் அவ்வளவு வழவழப்பாக இருந்தது. கோலை எடுத்தேன். மூன்றாவது வளையத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரலால் நீவிப் பார்த்தேன். லிஃப்ட் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டேன். சொன்ன பிறகும் நான் தொடுவேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

தைலமும் எண்ணெய்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சபாபதி வாயைத் திறந்த நிமிடம் உறைத்தது. அதற்குப் பிறகுதான் தலையாட்டினேன்.

ஒருவேளை நானாக இல்லாமல் இருக்கலாம் என்ற நப்பாசையில்தான் மிச்ச நூலைக் கேட்டு வாங்கினேன். உடைந்த துண்டில் என்னால் முடிந்த அளவு சுற்றி, பாதியில் மட்டும் தைலக்கை வைத்தேன். கிளாரிசா வீசவிருந்த ப்ரிசர்வர் பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எபோக்ஸியைக் கடையில் வாங்கினேன். மறுநாள் பார்த்தால் பாதி வெள்ளை. பாதி அதே திட்டு.

ஏன் சொல்லவில்லை? முதல் வாரம் பயம். அதற்குப் பிறகு பயம் இல்லை, வேறொன்று. நைஜல் போனதிலிருந்து கிளாரிசா தினமும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். எட்டு வருஷமாக ரைஸ் குக்கரில் ஒரு கப் அரிசி போட்டவள் இப்போது இரண்டு கப் போடுகிறேன். குழம்பில் உப்பு கம்மி என்கிறாள், சண்டை போடுகிறோம். எனக்கு அது பிடித்திருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பிடித்திருந்தது.

7

கிளாரிசா, இதை நீ மட்டும்தான் படிக்கப்போகிறாய். உனக்குத் தெரிந்ததையெல்லாம் யாரோ ஊராருக்குச் சொல்வதுபோல் விளக்கியிருக்கிறேன். உன் பெயரைக் கூப்பிட்டு எழுதியிருந்தால் முதல் வரியிலேயே நின்றிருப்பேன்.

சனிக்கிழமை, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியில், சுங்கை பூலோ ரயில் ஸ்டேஷன் பக்கம் காரை நிறுத்துவேன். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்குவேன். இந்தத் தாள்களை உன் மடியில் வைத்துவிட்டுப் போவேன். அந்தத் துண்டையும் கிளிப்பில் மாட்டியிருக்கிறேன். வெளிச்சத்தில் உருட்டிப் பார். சந்தேகம் இருந்தால் சபாபதியிடம் காட்டு.

என் கதைகளை எப்போதும் முதலில் படிப்பவள் நீ. கடைசிப் பக்கத்தில் "முடிவு சரியில்லக்கா" என்று பென்சிலில் எழுதுவாய். இந்தத் தடவை முடிவு என்று எதுவும் இல்லை. பெட்டிகளை இறக்குவாயா, அவனை ஏற்றிக்கொண்டு திரும்புவாயா, அவன் ஏறுவானா, எனக்குத் தெரியாது. [ஏறுவான் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அதை எழுத எனக்கு உரிமையில்லை.]

ஏசி ஓடிக்கொண்டிருக்கும். சாவி வண்டியிலேயே இருக்கும். படித்து முடித்ததும் ஓட்டும் சீட்டுக்கு மாறிக்கொள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்கு இங்கிருந்து ரயில் இருக்கிறது.