கிராணிக்குப் போர்த்திய பொன்னாடை

பூனை முதலில் மெலிந்தது ஆடியிலா புரட்டாசியிலா என்று கேட்டால், இதைச் சொல்கிற எனக்கே நிச்சயமில்லை. புக்கிட் ரோத்தானில் அப்போது இருந்தவர்களை விசாரித்தால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். நானும் நடுவில் எதையாவது மாற்றி வைத்திருப்பேன். சரியான கணக்கு உடையப்பனிடம் மட்டும்தான் இருந்தது. அவரோ வாயைத் திறக்கிறவர் இல்லை.

உடையப்பனுக்கு வயது அறுபத்து மூன்று. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டுக் கட்டிக்கொடுத்த தாமான் குடியிருப்பில், தன் வீட்டின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். பக்கம் புரளும் சத்தம்தான் ஒரு நாளில் அவர் அதிகம் பேசுகிற பேச்சு. அவர் பங்கையும் சேர்த்து மனைவி குமுதா பேசிவிடுவார்.

மடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை. பதினான்கு வயசுக் கிழவி. பெயர் கிராணி. காலையில் வேலிமேல் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் எல்லாரையும் முறைக்கும், தான் ஒரு வேலையும் செய்யாது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுத என்று உட்கார்ந்திருந்த, குமுதா பார்த்த கிராணியும் அப்படியேதான் இருந்தாராம்.

ஆடித் திருவிழாவில் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மிச்சமிருந்த மஞ்சள் நூலில் ஒன்றை உடையப்பன் கேட்டு வாங்கிவந்து பூனையின் கழுத்தில் கட்டினார். திருவிழா முடிந்து எல்லாரும் காப்பு அவிழ்த்தார்கள். பூனையினுடையதை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு புரட்டாசி வந்தது. தாமான் முழுக்க சைவம். புரட்டாசி என்றால் அங்கே மீனை விடுவது மட்டுமில்லை. விட்டதை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதும் உண்டு. முதல் நாளிலிருந்து விரதம் இருப்பவர்கள், சனிக்கிழமை மட்டும் இருப்பவர்களைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்தார்கள். நாக்குக்கு ஒரு ஆறுதலாகக் கடையில் சோயா மீன் விற்றது. சோயாவை மீன் மாதிரியே வெட்டி, கடற்பாசியைத் தோல் மாதிரி ஒட்டி, கண் ஒன்றுதான் பாக்கி என்னும்படி செய்திருந்தார்கள். அதை மிளகாய் போட்டுப் பொரித்துத் தின்றுவிட்டு, "மீன் வாசமே பிடிக்கல லா, ஒரு மாசமா" என்று சொல்லிக்கொண்டார்கள்.

குமுதாவின் அடுப்பிலும் மீன் ஏறவில்லை. பூனைக்கும் சோயா மீன்தான் விழுந்தது. கிராணி அதை இரண்டே வாயில் விழுங்கிவிட்டு இன்னும் கேட்டுக் கத்தியது. தயிர்சோறு போட்டார், காலி. வடை போட்டார், அதுவும் காலி.

"என்னாங்க, இத பாருங்களேன். பூனை சைவம் சாப்புடுது!"

உடையப்பன் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார்.

குமுதா போட்டோ எடுத்துத் தாமான் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். பத்து நிமிடத்தில் நாற்பது கும்பிடு வந்தது. பக்கத்து வீட்டு விமலா நேரிலேயே வந்துவிட்டார்.

"ஒடம்ப பாருங்கக்கா, எவ்ளோ வத்திப்போச்சு! என் வீட்டுக்காரரு ஒரு மாசமா விரதம், ஒரு கிலோகூட எறங்கல. இதுக்கு மொகத்துல ஒரு களை வந்துருக்கு."

"அதான் நானும் சொல்றேன். பக்தி இருந்தா ஒடம்புல தெரியும்."

பூனை அந்த நேரத்தில் விமலாவின் கைப்பையைக் கடித்துக்கொண்டிருந்தது. உடையப்பன் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கை முதுகெலும்பின் மேல் போயிற்று. ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. உள்ளே இதயம் மழைக்காலத்து லோரி எஞ்சின் மாதிரி அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் தளர்ந்து தொங்கிய கழுத்து நூலை அவிழ்த்து, ஒரு விரல் இறுக்கி, மறுபடி முடிச்சுப் போட்டார். அப்படி இறுக்குவது அது மூன்றாவது தடவை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இரண்டு பெண்களும் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் பேச்சு நின்றுவிடும், எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று புத்தகத்தை எடுத்தார். இப்படியே பல நாளைகள் போயிருந்தன.

கோயில் தலைவர் நடராஜாவுக்குப் பொன்னாடை போர்த்துவதென்றால் உயிர். எந்த விழாவென்றாலும் காரில் நாலு பொன்னாடை தயாராக இருக்கும். கடைசிச் சனிக்கிழமை அன்னதானத்தில் யாருக்குப் போர்த்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர் கண்ணில் அந்த போட்டோ பட்டுவிட்டது.

"அஞ்சறிவு ஜீவன்! நமக்கெல்லாம் பாடம்!" என்று குழுவில் குரல் பதிவு அனுப்பினார்.

சனிக்கிழமை மதியம் கோயில் கூடாரத்தில் இருநூறு பேர். கிராணியை ஒரு தாம்பாளத்தில் உட்காரவைத்து, குமுதா பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்றார். உடையப்பன் கடைசி வரிசையில். நடராஜா மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! சிலர் வெளியில சைவம், உள்ளுக்குள்ள அசைவம். அப்படிப்பட்டவங்க இந்தப் பூனையப் பார்த்து வெக்கப்படணும். நான் நூறு விழுக்காடு சைவம். இந்தப் பூனையும் நூறு விழுக்காடு சைவம்!"

கைதட்டல். பொன்னாடை இறங்கியது. எலும்புத் தோளில் நிற்காமல் அது வழுக்கி விழ, கிராணி அதற்குள்ளிருந்து நழுவி ஓடியது. ஓடிய இடம் கூடாரத்தின் ஓரத்தில் கண்ணாடி இறக்கி நிறுத்தியிருந்த நடராஜாவின் கார். ஜன்னல் வழியாக உள்ளே போன பூனை, ஒரு பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வெளியே குதித்தது. இழுத்துக்கொண்டு நேராக மேடைக்கு முன்னாலேயே வந்தது. வாழையிலை கிழிந்தது. நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. மேலே சம்பல் நெத்திலி, அதற்கும் மேலே ஒரு பொரித்த கோழித் தொடை.

பூனை தின்கிற சத்தம் மைக்கில் கேட்டது.

"அது... அது நம்ம டிரைவரோட சாப்பாடு" என்றார் நடராஜா.

"தலைவரே, உங்களுக்கு ஏது லா டிரைவரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு பற்றிக்கொண்டது. குமுதா மட்டும் சிரிக்கவில்லை. "அடிப் பாவி, என் மானமே போச்சே" என்று பூனையைப் பிடிக்கக் குனிந்தார். கிராணி கோழியையும் நெத்திலியையும் முடித்து, இலையை நக்கி, இலையையே தின்னத் தொடங்கியது. தின்றுகொண்டே நடுங்கியது.

உடையப்பன் வரிசைகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் குரலைக் கேட்டுப் பல மாதமானவர்கள் அங்கே இருந்தார்கள்.

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசமா இது வயிறுமுட்டத் திங்குது, இன்னும் எளைச்சுக்கிட்டே போவுது. இதுக்கு நோவு."

பொன்னாடையிலேயே பூனையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். குமுதா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினார்.

கோலசிலாங்கூர் கிளினிக்கில் டாக்டர் நித்தியா பூனையைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோ அறுநூறு. பழைய அட்டையில் நாலு கிலோ நானூறு என்றிருந்தது.

"எப்ப இருந்து எளைக்குது அங்கிள்?"

"புரட்டாசி பொறந்ததுல இருந்து டாக்டர்," என்றார் குமுதா. "கவுச்சி இல்லல்ல, அதான்."

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்க்க மஞ்சள் நூலை ஒதுக்கினார். நூலில் பழைய முடிச்சுகளின் மடிப்பு மூன்று இடத்தில் அழுக்காகப் பதிந்திருந்தது. "இத யாரு மூணு தடவ இறுக்கினது?"

உடையப்பன் பூனையின் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான். மொதத் தடவ ஆடியில. திருவிழா முடிஞ்ச வாரம்."

குமுதா திரும்பினார். "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

உடையப்பன் நூலை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நூல் இருந்த இடத்துக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி டாக்டரின் விரலில் தட்டுப்பட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு. வயசான பூனைகளுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். எவ்வளவு தின்றாலும் உடம்பு அதை எரித்துவிடும். காலை ஒன்று, மாலை ஒன்று, ஆயுள் முழுக்க மாத்திரை. "ரெண்டு மாசம் முன்னால வந்திருந்தா இதயம் இவ்ளோ களைச்சிருக்காது, அங்கிள்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மாத்திரையை மீனுக்குள் ஒளித்துவைத்தால்தான் கிராணி விழுங்கியது. அடுத்த புரட்டாசியில் குமுதா பின்வாசலில் தனி அடுப்பு வைத்து, தனிச் சட்டியில், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கெம்போங் மீன் அவித்தார். போட்டோ எடுக்கவில்லை.

நடராஜா இன்னும் தலைவர்தான். காரின் கண்ணாடியை மட்டும் இப்போது ஏற்றிவிட்டுத்தான் இறங்குகிறார். விமலா சோயா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். கிராணி மூன்றரைக் கிலோவரை ஏறியது. பதினான்கு மாதம் இருந்து, ஒரு மதியம் நாற்காலிக்கு அடியில் இறந்தது. இதயம்தான் என்றார் டாக்டர். பொன்னாடையோடு வீட்டுக்குப் பின்னால் புதைத்தார்கள். உடையப்பன் இப்போதும் வாசலில்தான் படிக்கிறார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் உடனே சொல்லிவிடுகிறார். குமுதாவுக்கு அது பிடிக்கவில்லை.