வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டு வெர்னெல் கில்லோரியின் சமையலறையில். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கோச் க்ரீட் வேறு மாநிலத்து அணிக்குப் போய்விட்டார் என்று டிவியில் செய்தி ஓடியது. அவள் கை அப்படியே நின்றது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘லூசியானாவின் டிசம்பர்க் காற்றில்...’ வேண்டாம். காற்றுக்கு இதில் வேலையில்லை. பயத்துக்குத்தான் வேலை.

2

வெர்னெலின் மகன் ஜாமரியன், பள்ளியில் கடைசி வருடம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற அந்தக் கால்பந்தில், பந்தை எறிபவனைக் காக்கும் முன்வரிசைக்காரன். அவனுக்காக க்ரீட் இந்த வீட்டுக்கே வந்தார். வெர்னெல் வைத்த கம்போவை, அந்த ஊர் இறால் குழம்பை, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“மேடம், உங்க பையன் இனி எங்க பையன். படிப்பு, சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் எங்க பொறுப்பு.”

ஆகஸ்டில் அவன் முட்டியில் அடிபட்டபோதும் அதையே சொன்னார். அந்த வாய்வார்த்தையை நம்பித்தான் ஜாமரியன் மற்ற பல்கலைக்கழகங்களை வேண்டாம் என்றான். பல்கலைக்கழக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள் இனிமேல்தான் வரவேண்டும்; அதுவரை எந்த வாக்கும் யாரையும் கட்டாது.

(க்ரீடை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போன மனிதர்.)

3

புதிய கோச் வந்ததும் அடுத்த ஊர்ப் பையனுக்கு போன் போனது. ‘வேற மாதிரி ஆளுங்களத் தேடுறோம், தம்பி.’ அவ்வளவுதான். அவனுக்கும் க்ரீட்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்றிலிருந்து வெர்னெலுக்கு போன் அடித்தாலே பயம். அடிக்காவிட்டால் அதைவிட மோசம்.

“நாமளே பேசிப் பாப்போமா?” என்றாள்.

“வேணாம்மா. என்னைக் கழட்டிவிட மறந்திருந்தா ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடும்.”

ஜாமரியன் சிரித்துக்கொண்டே சொன்னதாக எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

4

புதிய கோச் நேரிலேயே வந்தார். இளவயது, நல்ல மரியாதை. வெர்னெல் அதே கம்போவைச் செய்திருந்தாள்.

“வர்ற வழியில சாப்ட்டேன் மேடம்.”

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

“முட்டி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார்.” கேள்வி முடியும் முன்பே ஜாமரியன் சொல்லிவிட்டான்.

“உனக்கு இடம் இருக்கு. ஆனா இந்த வருஷம் இல்ல. ஒரு வருஷம் பொறுத்து வா.”

“வர்றேன் சார்.”

“சும்மா இருடா.” வெர்னெல் கோச்சைப் பார்த்தாள். “அதுவரைக்கும் இவன் எங்க இருப்பான்?”

“வீட்ல இருக்கட்டும். பக்கத்துல ஏதாவது சின்ன காலேஜ்ல படிக்கட்டும்.”

“சரி. அடுத்த வருஷம் நீங்க அங்க இருப்பீங்களா?”

(இங்கே அவருக்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்க நெடுநேரம் முயன்றேன்.) அவர் கையெழுத்து நாளுக்குள் முடிவைச் சொல்லும்படி கேட்டுவிட்டு எழுந்தார்.

5

ஒரு முடிவு: ஜாமரியன் காத்திருக்கிறான், அடுத்த வருடம் அவர் அழைக்கிறார். இன்னொன்று: காத்திருக்கிறான், அழைக்க வேறொருவர் வருகிறார், இவன் பெயரே அவருக்குத் தெரியாது. மூன்றாவது: வேண்டாம் என்று அவன் விலகிய இடங்களில் ஒன்று இன்னும் கதவைத்...

தெரியவில்லை. கையெழுத்து நாள் நாளைக்குத்தான்.

“நல்லபடியா முடி. இல்லைன்னா என் பேர மாத்திடு,” என்றாள் வெர்னெல். மாற்றிவிட்டேன்.

இன்று காலை வேலியோரம் ஜாமரியன் வந்து நின்றான். தன்னை யார் எடுத்துக்கொள்வார்கள், அம்மா என்ன ஆவாள் என்றெல்லாம் கேட்பான் என்று எதிர்பார்த்தேன்.

“மிஸ் சுபா, உங்க கதையில நான் நல்லா ஆடுறேனா?”

எல்லாவற்றையும் எழுதினேன், அதை மட்டும் எழுதவே இல்லை. அவன் இன்னும் அங்கேயே நிற்கிறான். அவனுக்கு என்ன பதில் என்று நீங்கள் சொல்லுங்கள்.