அந்த நாற்பது விநாடிப் பேச்சு

அழகுமுத்துவின் நம்பரிலிருந்து அந்தக் குரல்பதிவு வந்து ஐந்து நாளாகிவிட்டது. நாற்பது விநாடி. பேசியது அழகுமுத்து இல்லை. யாரோ ஒரு சீனன், மறைவாக நின்று பேசுகிறவன்போல் அடங்கிய குரலில் அவசரமாகப் பேசியிருந்தான். அதன்பிறகு அந்த போன் வேலை செய்யவேயில்லை.

அழகுமுத்துவின் மனைவி சுபாஷினி அதைக் காட்டாத ஆளில்லை. போனிலேயே மொழிபெயர்க்கப் பார்த்தால் மீன், கயிறு, அம்மா என்று தலைகால் புரியாமல் வந்தது. அவனைச் சீன மீன்பிடிக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர், எல்லாரும் சுகம், சிக்னல்தான் இல்லை என்று ஒரே பாட்டைப் பாடினார். துறைமுகத்தில் வேலை செய்யும் சீனர் ஒருவரோ, இது தன் மாகாணத்துப் பேச்சே இல்லை என்று கைவிரித்துவிட்டார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவள் கும்பிடாத கோயிலுமில்லை, மெழுகுதிரி ஏற்றாத தேவாலயமுமில்லை.

கீழ்வீட்டு ஜவாஹிறாதான் மருதானையைச் சொன்னாள். அங்கே ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் ஒருகாலம் சீனக் குடும்பங்கள் வரிசையாக இருந்து, பல் கட்டியும் துணி விற்றும் பிழைத்தார்களாம்.

போய்ப் பார்த்தால் அந்த வரிசை முழுக்க போன் கடைகள். ஒரேயொரு பல் வைத்தியக் கடை மிஞ்சியிருந்தது. அதை நடத்திய மேரி லியுவுக்கு ஐம்பது வயதிருக்கும். குரலைக் கேட்டதும் விளங்கவில்லை என்று தலையை ஆட்டினாள். கொழும்பிலேயே பிறந்து சிங்களத்தில் படித்தவள் அவள். சோறு, தண்ணீர், நோவு என்ற மூன்றுக்குமேல் சீனச் சொல் எதுவும் தெரியாது.

சுபாஷினி உட்கார்ந்த இடத்திலேயே உடைந்து அழுதாள். மேரி சற்று யோசித்துவிட்டு அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே மேரியின் தகப்பன் படுக்கையில் கிடந்தார். நாலு வருடத்துக்கு முன் வந்த பாரிசவாதம் அவருடைய சிங்களத்தையும் தமிழையும் வாரிக்கொண்டு போய்விட்டது. சின்ன வயதில் சீனாவில் பேசிய பாஷை மட்டுமே மிச்சம்.

குரலைப் போட்டதும் கிழவரின் கண் விரிந்தது. இன்னொருமுறை போடச் சைகை காட்டினார். பிறகு பேசத் தொடங்கினார், விடாமல், மூச்சிரைக்க.

"அவருக்கு விளங்கிட்டுது," என்றாள் மேரி. "எனக்குத்தான் அவர் சொல்றது விளங்கேல்ல."

சுபாஷினி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, உசிரோட இருக்காரா? அத மட்டும் சொல்லுங்க."

கிழவர் பேச்சை நிறுத்தினார். இவர்களுக்கு எதுவும் எட்டவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அசைகிற கையால் அவள் கையை இழுத்து, சுண்டுவிரலை மடக்கினார். அடுத்ததை மடக்கினார். நடுவிரலையும் மடக்கி, மூன்றையும் அழுத்திப் பிடித்தார். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து, கேட்கும்படி இரண்டுதரம் மூச்சு விட்டார். கடைசியாக ஒரே ஒரு சொல் சொன்னார்.

"நோவு எண்டு சொல்றார்," என்றாள் மேரி.

சுபாஷினி நேரே ஏஜென்சிக்குப் போனாள். இந்தமுறை சுகம் விசாரிக்கவில்லை.

"அவருக்கு மூணு விரல் போயிருச்சு. எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்கீங்க?"

யார் சொன்னது என்றுகூட அந்த மனிதர் கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, எங்கேயோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியின் பெயரையும் நம்பரையும் எழுதி நீட்டினார்.

ஒரு மணிநேரம் முயன்றபிறகு அழகுமுத்துவின் குரல் வந்தது. தனக்கு ஒன்றுமில்லை, சும்மா காய்ச்சல் என்றான்.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.



"சோத்துக் கை," என்றான்.