உள்தாழ்ப்பாள்

மூன்றாவது பொத்தானைப் போடுவதற்குள் அம்மா முதல் பொத்தானைக் கழற்றியிருந்தாள்.

"புது ஸ்வெட்டர் எதுக்குடி? யாரு வர்றாங்க?"

"யாரும் வரலம்மா. கொஞ்சம் ஆடாம நில்லு," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் மூத்தவள். கூடத்தில் அப்பா சவப்பெட்டிக்குள் கிடக்கிறார். வெளியே மழைக்குக் கட்டிய படுதாவுக்குக் கீழே முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வரவில்லையாம்!

அப்பா போனது நேற்றுக் காலை, தூக்கத்திலேயே. பக்கத்தில் படுத்திருந்த அம்மா எழுந்து, "இன்னைக்கென்ன இவ்வளவு தூக்கம்" என்று அவர் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டிருக்கிறாள். அவளுக்கு நினைவு தடுமாறத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடமும் குளிக்க ஊற்றியது, தலை வாரியது, ஊட்டிவிட்டது எல்லாம் அப்பாதான். மூத்தவள் கை கொடுக்கப் போனால், "மேலிடத்து வேலையில நீ தலையிடாதே" என்று விரட்டுவார். வீட்டில் அம்மாவுக்கு மேலிடம் என்றுதான் பெயர். ராணுவத்தில் லாரி ஓட்டிய காலத்திலும் சரி, அப்புறம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய காலத்திலும் சரி, மனுஷன் மனசார உத்தரவு வாங்கிக்கொண்டது இந்த ஒரே இடத்தில்தான்.

அம்மாவின் கணக்கில் அவர் இன்னும் பட்டாளத்தில் இருந்தார். "எப்பங்க கிளம்பணும்?" என்று கேட்பாள். "லீவை நீட்டிச்சுட்டாங்க" என்பார் அவர். அவள் முகம் பூத்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். ஒரு தடவைகூட அவர் அலுத்துக்கொண்டதில்லை.

தம்பி கதவிடுக்கில் தலையை நீட்டினான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, பதினோரு மணிக்கு வண்டி வந்துரும். அம்மாவைப் பின்பக்கமா பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. லீவு முடிஞ்சு போயிட்டாருன்னு சொல்லிக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, மறந்துடுவா."

"மறக்க மாட்டாடா. ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா, சாகற வரைக்கும். அப்பா சண்டைக்குப் போனப்பவும் அப்படித்தான் நின்னா. அப்ப நீ பொறக்கல, உனக்குத் தெரியாது."

"அவ அழறதை என்னால பார்க்க முடியாதுக்கா. வேணும்னா உன் கால்ல விழறேன்."



அவனுக்குத் தெரியாதுதான். அப்பா போர்முனையில் இருந்த வருடம், ராணுவக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்குச் சீருடை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். அந்த வீட்டுப் பெண் போட்ட அலறலில் தெருவே வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து அம்மா பட்டப்பகலிலும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒருநாள் யாரோ கதவைத் தட்டியதும், அப்போது ஏழு வயதான மூத்தவளின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள். கதவைத் திறந்தால்தானே செய்தி உள்ளே வரும்! விலாசம் விசாரிக்க வந்த ஆள், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவின் கை அதற்குப் பிறகும் வெகுநேரம் வாயை விடவில்லை.

வெளியே ஜீப் வந்து நின்றது. மூத்தவள் தடுப்பதற்குள் அம்மா ஜன்னல் திரையை விலக்கிவிட்டாள். அப்பாவின் படைப்பிரிவிலிருந்து மரியாதை செலுத்த வந்திருந்தார்கள். ஒருவர் நடுவயதுக்காரர், இன்னொருவர் இளைஞர். முழுச் சீருடை, கையில் மடித்த கொடி.



எழுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு ஓட்டம்! தம்பியைத் தள்ளிவிட்டு, கூடத்தில் இருந்த பெட்டியைத் திரும்பியும் பாராமல் போய், வாசல் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள் அம்மா.

"திறக்காதே! போகச் சொல்லு அவங்களை. அவரு நல்லாத்தான் இருக்காரு. போன வாரங்கூட லெட்டர் வந்துச்சு."

கதவு தட்டப்பட்டது. அம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது.

"அக்கா, சொல்லிடாதே," என்று தம்பி கெஞ்சினான்.

வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் அவர் சொன்ன பொய்க்கெல்லாம் சாட்சியாக அவரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இனிமேல் யார் உட்காருவது?

"அம்மா, அப்பா இறந்துட்டாரும்மா."

அம்மாவின் வாய் கோணிக்கொண்டது. "எல்லையிலயா?"

"இல்லம்மா, வீட்ல. உன் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டு இருக்கும்போதே."

"பொய் சொல்றே. அவரு சண்டையில இருக்காரு."

"சண்டை எப்பவோ முடிஞ்சுபோச்சு. அப்பா வந்துட்டாரு."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான். வந்து உன்கூடவே இருந்தாரு."

"எத்தனை நாள் இருந்தாரு?"

"நாப்பத்தொரு வருஷம்மா."

நாப்பத்தொரு வருஷம் என்று அம்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மெல்லக் கதவை விட்டு விலகிப் பெட்டியருகே வந்தாள். குழிவிழுந்த கன்னத்தையும் நரைத்த மீசையையும் விரலால் தொட்டாள்.

"கிழவராயிட்டாரே," என்றாள். "என்கூட இருந்துதானா இவ்வளவு வயசானாரு?"

"ஆமாம்மா."

அப்போதுதான் அம்மா அழுதாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள்கள் குலுங்க அழுதாள். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மூத்தவள் அம்மாவின் முதுகில் கையை வைத்தபடி நின்றாள்.

கதவு மறுபடி தட்டப்பட்டது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"மழையில ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேன். வாங்க. அவரு வீட்லதான் இருக்காரு."

இளைஞர் தன் பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துத் தயங்கினார்.

"பரவாயில்ல, வாங்க தம்பி."

இருவரும் கொடியைப் பிரித்து அப்பாவின்மேல் போர்த்தினார்கள். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து ஒரு துணியை எடுத்துவந்து, வாசலிலிருந்து பெட்டிவரை பதிந்திருந்த சேற்றை மண்டியிட்டுத் துடைக்கத் தொடங்கினாள். தடுக்கப் போன தம்பியின் கையை மூத்தவள் பிடித்துக்கொண்டாள்.

துணி பூட்ஸ்வரை வந்து நின்றது. சல்யூட் அடித்த கையை இறக்காமலே, நேராகப் பார்த்தபடி, இளைஞர் ஒரு காலைத் தூக்கிக்கொடுத்தார்.