பெருவிரல் போட்ட தாளம்

நிரோஷாவுக்கு இரண்டு வருஷமாக ஒரு மெட்டும் முடியவில்லை. தொடங்கும், சும்மா சொல்லக் கூடாது, ஜோராகவே தொடங்கும். பத்து விநாடி போனதும் அறுந்துவிடும். வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறவள், நாலு பேர் மதிக்கிற ஆள்; ஆனால் ஃபோனில் பதிந்துவைத்த மெட்டுகளில் ஒன்றுக்காவது வால் இல்லை. யாரைக் குற்றம் சொல்ல? கண் முழித்ததிலிருந்து அந்த ஃபோனில்தான் வீடியோ வீடியோவாகப் பெருவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். பல் விளக்கும்போதுகூடத் தள்ளினாள். தன்னையே திட்டிக்கொள்வாள், திட்டிக்கொண்டே தள்ளுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ்ஸில் அது நடந்தது. பக்கத்து சீட்டில் ஓர் அம்மா, காதில் ஒன்றும் மாட்டாமல், முழுச் சத்தத்தில் ஃபோன் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு குழந்தை கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. தள்ளினார். எண்ணெயில் கடுகு வெடித்தது. தள்ளினார். செத்தவீட்டில் ஒரு மனுசி "என்ரை ராசா" என்று குரலெடுத்தாள். அதையும் தள்ளினார். நிரோஷா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்ததால் படம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். அந்த அழுகை பாதியில் அறுந்தபோது அவளுக்குப் பகீரென்றது. அட கடவுளே, இத்தனை சீவன்களா! கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் ஊர் உலகத்தின் சிரிப்பும் சாவும் சமையலும் அவளுடைய காதுக்குள் வந்து போயிருந்தன, ஒன்றுகூட முடியாமல். இன்னும் கொஞ்சம் காது கொடுத்தாள். உடம்பு சிலிர்த்தது. அம்மா தள்ளுகிற இடைவெளி எட்டு எட்டு எண்ணிக்கையாக விழுந்துகொண்டிருந்தது. பெருவிரல் தாளம் போட்டது, அது அந்த அம்மாவுக்கே தெரியாது.

அறுகிறதையே எழுதினால் என்ன என்று அவளுக்கு அங்கேதான் தோன்றியது.

வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் வருஷா வருஷம் இசை விழா நடத்துகிற ஜெயராணி அக்கா அவளுக்கு ஏழு நிமிஷம் ஒதுக்கியிருந்தார். "புதுசா என்னவும் செய்யும் நிரோஷா, ஆனா சனம் எழும்பிப் போகாமப் பாரும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். இதுவும் சரிவராவிட்டால் இனி ஒரு சுரம்கூட எழுதுவதில்லை, மற்றவர்களின் பாட்டைச் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டுவது என்று நிரோஷா முடிவெடுத்திருந்தாள். விளையாட்டுக்கு எடுத்த முடிவல்ல.

நாற்பது துண்டு எழுதினாள். வயலின், புல்லாங்குழல், ஒரு பாட்டுக்குரல், மிருதங்கம், அவளுடைய கீபோர்ட். ஒருவர் தொடங்கி இனிக்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்தவர் வெட்டிவிட வேண்டும். அடியில் ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கை ஓடும், ஆனால் மேடையில் யாரும் கையால் காட்டக் கூடாது. கடைசியில் மிருதங்கம் தனியாக ஒரு சொற்கட்டை மூன்று தரம் வாசிக்கும். மூன்றாம் தரம் வந்து விழவேண்டிய தாளத்தின் முதலடி, சமம் என்பார்களே, அதற்கு ஒரு தட்டு முன்னால் நிறுத்திவிட வேண்டும். பிறகு மௌனம். அவ்வளவுதான்.

அங்கேதான் வந்தது வினை. மிருதங்கம் பிறெடி அண்ணன். கொச்சிக்கடையில் சரக்குக் கிடங்கில் வேலை, கோயிலிலும் வாசிப்பார், சேர்ச்சிலும் வாசிப்பார். மனுசனால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு தரமும் கடைசித் தட்டு தொம் என்று விழுந்தது.

"அண்ணன், விழக் கூடாதெண்டு சொன்னனான்."

"நான் அடிக்கேல்ல பிள்ளை, கை தானா அடிக்குது. முப்பது வருஷமாச் சமத்தில வந்து நிண்ட கை. சோத்தைக் குழைச்சு வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்துட்டுக் கீழ வையெண்டா ஆர் வைப்பினம்?"

"வேலையிடத்தில ஃபோன் பாக்கேக்க எத்தினைப் பாட்டைப் பாதியில விடுறியள்?"

"அது பெருவிரல் செய்யிற அநியாயம். இது முழுக் கை."

பன்னிரண்டு தரம் ஒத்திகை பார்த்தார்கள். பன்னிரண்டு தரமும் தொம். நிரோஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் ஐந்து துண்டுக்குச் சிரித்தார்கள். பத்தாவது துண்டில் யாரோ "என்னடாப்பா இது, கரண்ட் போய்ப் போய் வருதோ" என்று கேட்டது மேடைவரை கேட்டது. இருபதாவதில் மடிகளில் ஃபோன்கள் வெளிச்சம் போடத் தொடங்கின. சரி, துலைஞ்சுது, என் பாட்டையும் தள்ளுகிறார்கள் என்று நினைத்தாள் நிரோஷா. சனத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பிறெடி அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

நாற்பதாவது துண்டும் அறுந்தது. மிருதங்கம் மட்டும். சொற்கட்டு ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரம் அவருடைய நெற்றியில் வேர்வை ஓடியது. கடைசித் தட்டுக்குக் கை உயர்ந்ததும் நிரோஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

தொம்!

ஐயோ, கெடுத்துவிட்டாரே என்று அவள் நிமிர்ந்தாள். பிறெடி அண்ணனின் கை மேலேயே நின்றது. கீழே முந்நூறு பேர் ஒன்றாகத் தங்கள் தொடையில் தட்டிய கையை எடுக்காமல் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை, எவரும் எண்ணிக் காட்டவில்லை. ஒரு கையில் ஃபோன் பிடித்திருந்த பெட்டையின் மற்றக் கையும் தொடையில் இருந்தது. தலை குனிந்து எதையோ தள்ளிக்கொண்டிருந்த ஐயாவும் அடித்திருந்தார். தள்ளிக்கொண்டே அத்தனை பேரும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல். நிரோஷாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. தாங்கள் செய்ததைக் கண்டு தாங்களே திகைத்துப்போய் இருந்தார்கள். ஜெயராணி அக்கா திரைச்சீலைக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நான் அடிக்கேல்ல நிரோஷா" என்றார் பிறெடி அண்ணன், கையை இன்னும் இறக்காமல், குழந்தை மாதிரி. "சத்தியமா நான் அடிக்கேல்ல."

"தெரியும் அண்ணன்" என்றாள் அவள். கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. "அவையள்தான் முடிச்சவை."