கடலைப் பார்த்த அறை

இருபது வருஷமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து அலுத்துப்போன பெயின்டர், நாலு நாளாவது பிரஷ்ஷைத் தொடாமல் கடலோரமாகக் கிடந்துவிட்டு வருவது என்று முடிவு செய்தார். ஓவியர்கள் கூடி வாழும் ஊர் ஒன்றை மனைவி தேர்ந்தெடுத்தாள். பத்து விடுதிகளுக்குப் போன் போட்டாயிற்று, எங்கும் இடமில்லை. பதினோராவது விடுதிக்கார அம்மாளும் கையை விரித்தாள்.

"எல்லா ரூம்லயும் ஓவியருங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பெயின்டர்ங்க."

"ஐயோ, நீங்களுமா?"

"படம் இல்லம்மா, நான் வீட்டுச் சுவருக்கு அடிக்கிறவன்."

சட்டென்று மறுமுனைக் குரலில் தேன் ஒழுகியது.

"உப்புக்காத்துல என் சுவரெல்லாம் உரிஞ்சு தொங்குதுங்க. ஊர்ல முந்நூறு ஓவியருங்க இருந்தும், ஒருத்தர்கூட தொடமாட்டேங்கறாங்க. கடலைப் பாத்த ரூமாவே தர்றேன், வாங்க!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி போனைப் பிடுங்கி, "வந்துடறோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"நான் லீவுல போறேன்டி!"

"நானும்தான் போறேன்" என்றபடி அவள் பெட்டியை இறக்கினாள்.

பெயின்டர் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சுவரு எத்தனை அடி உயரம்னு கேட்டியா?"